குர்குமினின் உறிஞ்சல் அலைநீளம்: கணக்கு 330 என்கிறது, கருவி 425 என்கிறது

மஞ்சள்_ஆய்வு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக, கரிமச் சேர்மங்கள் புறஊதா, கட்புலப் பகுதிகளில் எந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறைகளை ஒப்பிட்டு வருகிறேன். எளிய சேர்மங்களில் எல்லாம் நன்றாகவே போயிற்று. மெசிட்டைல் ஆக்சைடுக்கு, மூலக்கூறின் அமைப்பைப் பார்த்து எண்களைக் கூட்டி உச்ச அலைநீளத்தைக் கணிக்கும் உட்வர்டு விதிப்படி அடிப்படை மதிப்பு 215, பீட்டா இடத்திலுள்ள இரண்டு மெத்தில் தொகுதிகளுக்குத் தலா 12, ஆக 239 நானோமீட்டர் கிடைக்கிறது. எத்தனாலில் அளந்த மதிப்பு 237. எர்கோஸ்டீராலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஒரே வளையத்தில் இருப்பதால் 253-இல் தொடங்கி, நான்கு வளைய எச்சங்களுக்கு 20, வளையத்துக்கு வெளியே நீளும் இரட்டைப் பிணைப்புகள் இரண்டுக்கு 10 எனக் கூட்டினால் 283 வருகிறது. அளந்த மதிப்பு 282. பீட்டா கரோட்டினுக்கு, நீண்ட இரட்டைப் பிணைப்புச் சங்கிலிகளுக்கான ஃபீசர்–கூன் வாய்பாடு 453.3 தருகிறது, ஹெக்சேனில் அளந்தால் 452 என்று பாடநூல்கள் சொல்கின்றன.

சிக்கல் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினில் வந்தது. விரலி மஞ்சளைப் பொடித்து எத்தனாலில் சாறு இறக்கி, வடிகட்டி, நீர்த்துப் பார்த்தபோது உச்சம் 425 நானோமீட்டரில் அமைந்தது. உட்வர்டு அட்டவணையில் இந்த மூலக்கூறுக்குப் பொருந்தும் வரிசையே இல்லை. ஆகவே மூலக்கூறின் கிளர்ச்சி ஆற்றலைக் கணினியில் குவாண்டம் முறைப்படி கணக்கிடும் டிடி-டிஎஃப்டிக்குச் சென்றேன். எங்கள் பாடநூலில் உள்ளபடி, நடுவில் ஒரு மெத்திலீன், அதன் இருபுறமும் கார்போனைல் என்று அமைப்பை வரைந்து, வடிவத்தைச் சீராக்கி, கேம்-பி3எல்ஒய்பி சார்பில் (எலக்ட்ரான்களின் இடைவினையைத் தோராயமாகக் கணிக்கும் வாய்பாடு), எத்தனாலைத் தொடர் ஊடகமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன். கிடைத்தது 330-ஐ ஒட்டிய எண். அடிப்படைத் தொகுதியை (ஆர்பிட்டல்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று நெறியாளர் சொன்னார். இரண்டு நாள் கணினியை ஓட்டியும் எண் நான்கைந்து நானோமீட்டருக்கு மேல் நகரவில்லை.

330-இல் மட்டும் உறிஞ்சும் பொருளுக்கு நிறமே இருக்கக்கூடாது. என் முகவையில் இருப்பதோ கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாத மஞ்சள். மஞ்சளுக்கு நிறமில்லை என்று சொல்லும் ஒரு கணக்கை அறிக்கையில் எப்படி எழுதுவது? பிழை முறையிலா, சார்பிலா, கரைப்பான் மாதிரியிலா?

கரைப்பான் எழுதியது:

வணக்கம். பிழையைத் தேடுமுன் அதை நானோமீட்டரில் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். மூலக்கூறுக்குத் தெரிந்தது ஆற்றல் மட்டுமே. 1240-ஐ நானோமீட்டர் எண்ணால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். அளந்த 425 என்பது 2.92, கணக்கிட்ட 330 என்பது 3.76. இடைவெளி 0.84 எலக்ட்ரான் வோல்ட். இந்த வகைச் சேர்மங்களில் நல்ல சார்புடன் செய்த டிடி-டிஎஃப்டி கணக்கு பொதுவாக 0.2 முதல் 0.3 வரை தவறும். 0.84 என்பது முறையின் தவறாக இருக்கமுடியாத அளவுக்குப் பெரியது. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்டால் நான் சார்பை மாற்றமாட்டேன். வரைந்த படத்தைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

நீங்கள் கணக்கிட்ட மூலக்கூறு உங்கள் குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்) இல்லை என்பதே என் கருத்து. குர்குமின் ஒரு பீட்டா டைகீட்டோன். நடு மெத்திலீனிலுள்ள ஹைட்ரஜன்களில் ஒன்று பக்கத்து ஆக்சிஜனுக்கு இடம்பெயர்ந்து, மற்ற ஆக்சிஜனுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் ஆறணு வளையம்போல் மூடிக்கொள்ளும்போது கிடைக்கும் ஈனால் வடிவமே எத்தனால் கரைசலில் மேலோங்கி நிற்கிறது, படிகத்திலும் அவ்வாறே. இந்த இடப்பெயர்ச்சி நிறத்தைப் பொறுத்தவரை சிறிய செய்தியன்று. டைகீட்டோ வடிவத்தில் நடு மெத்திலீன் கார்பன் ஒரு தடுப்புச்சுவர். அதன் இருபுறமும் ஒளியை உறிஞ்சும் பகுதிகளான இரண்டு தனித்தனி நிறந்தாங்கிகள் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. ஈனாலில் அந்தச் சுவர் விழுந்து, ஒரு பென்சீன் வளையத்திலிருந்து ஏழு கார்பன்களைக் கடந்து மறு வளையம் வரை பை எலக்ட்ரான்கள் ஒரே நெடுங்கூடமாகப் பரவுகின்றன.

கணினியே இல்லாமல் இதைச் சோதிக்கலாம். குர்குமினைப் பாதியாக வெட்டினால் கிடைப்பதற்குச் சமமான சேர்மம் டீஹைட்ரோஜிஞ்சரோன். வனிலினையும் அசிட்டோனையும் காரத்தில் குறுக்கினால் இளநிலை மாணவரும் செய்துவிடலாம். அதன் உச்சம் 340 நானோமீட்டரை ஒட்டியது. குர்குமின் உண்மையில் டைகீட்டோவாக இருந்தால், இரண்டு டீஹைட்ரோஜிஞ்சரோன்களை ஒட்டிவைத்ததுபோல அதே இடத்தில் இருமடங்கு வலிமையுடன் உறிஞ்சவேண்டும். உங்கள் 330 அந்தப் பாதி மூலக்கூறுக்கு அருகில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? கணக்கு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறது.

உட்வர்டு விதிகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் அவை சரியாக வந்தபோது ஏன் வந்தன என்பதை உங்கள் ஒப்பீடு தொடவில்லை. 1941, 1942 ஆண்டுகளில் உட்வர்டு தொகுத்து, பின்னர் ஃபீசர் ஸ்டீராய்டுகளில் விரிவாக்கிய அந்த எண்கள் எந்தக் கோட்பாட்டிலிருந்தும் வருவிக்கப்பட்டவை அல்ல. அளந்த நிறமாலைகளின் சராசரி அவை. கணிக்கவேண்டிய மூலக்கூறு அந்தத் தொகுப்பிலிருந்த மூலக்கூறுகளின் உறவினராக இருக்கும்வரை வியப்பூட்டும் துல்லியம் கிடைக்கும். உறவு அறுந்தால் எச்சரிக்கையே இல்லாமல் தவறும். வெர்பினோனைப் பாருங்கள்: 215-உடன் பீட்டா இடத்து எச்சங்கள் இரண்டுக்கு 24 சேர்த்து விதி 239 என்கிறது, அளந்தால் 253. எண்ணியதில் எந்தப் பிழையும் இல்லை. நான்கு கார்பன் வளையம் ஒன்று சேர்ந்திருப்பதால் இறுக்கப்பட்ட வளையத்தின் திரிபு அட்டவணைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஃபீசர்–கூன் வாய்பாட்டில் இதற்கு நேர்மாறான நயம் ஒன்று உண்டு. பீட்டா கரோட்டினுக்கு நீங்கள் இட்ட கணக்கு 114, பத்து ஆல்கைல் தொகுதிகளுக்கு 50, பதினொரு இரட்டைப் பிணைப்புகளுக்கு 11 × (48 − 18.7), அதாவது 322.3, பின்பு உள் இரட்டைப் பிணைப்புடைய இரண்டு வளையங்களுக்கு 33 கழிவு. அந்தக் கழிவு எதற்கு? வளையத்திலுள்ள மெத்தில் தொகுதிகள் சங்கிலியின் ஹைட்ரஜன்களோடு இடித்துக்கொள்வதால் வளையம் சங்கிலியின் தளத்திலிருந்து திருகிக்கொண்டு நிற்கிறது. திருகிய அளவுக்கு இணைவு குறைகிறது. தக்காளியின் லைக்கோப்பீனிலும் இணைவுற்ற இரட்டைப் பிணைப்புகள் அதே பதினொன்றுதான், ஆனால் வளையம் இல்லை. எட்டு ஆல்கைல் தொகுதிகளுக்கு 40 மட்டும் சேர்த்து, கழிவின்றிக் கணக்கிட்டால் 476.3, அளந்தது 474. கேரட் ஆரஞ்சாகவும் தக்காளி சிவப்பாகவும் இருப்பதில் அந்த 33-க்குப் பெரும் பங்கு உண்டு. வடிவத்தைக் கண்ணால் காணாத ஒரு வாய்பாட்டுக்குள்ளும் வடிவம் ஒளிந்திருக்கிறது.

ஆர்பிட்டல்_அடுக்கு எழுதியது:

மேலே சொன்ன முடிவை நான் ஏற்கிறேன், ஆனால் 0.2–0.3 என்ற எல்லையைத் தோழி எல்லா இடத்திலும் பயன்படுத்தத் தொடங்கிவிடக்கூடாது என்பதற்காகச் சில சொற்கள்.

முதலாவது, ஒரே ஆற்றல் பிழை நிறமாலையின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவாகத் தோன்றும். 250 நானோமீட்டரில் 0.25 எலக்ட்ரான் வோல்ட் பிழை என்பது ஏறக்குறைய 12 நானோமீட்டர். அதே பிழை 500-இல் ஏறக்குறைய 50. புறஊதாவில் உறிஞ்சும் சேர்மங்களில் முறை அருமையாக வேலை செய்வதுபோலவும், சாயங்களில் சறுக்குவதுபோலவும் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்த அளவுகோல்தான். ஒப்பீட்டு அட்டவணையில் பிழை வரிசையை எலக்ட்ரான் வோல்ட்டில் எழுதுங்கள். நானோமீட்டர் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, சார்பு. பி3எல்ஒய்பி போன்ற கலப்புச் சார்புகளில் சரியான பரிமாற்ற ஆற்றலின் பங்கு 20 விழுக்காடு மட்டுமே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எலக்ட்ரான் பெயரும் மின்சுமை இடமாற்றக் கிளர்ச்சிகளில் அவை ஆற்றலை மிகவும் குறைத்துச் சொல்லும். அலைநீளம் இல்லாத நீளத்துக்கு நீண்டுவிடும். அதற்கு மருந்தாக 2004-இல் வந்ததே நீங்கள் எடுத்த கேம்-பி3எல்ஒய்பி. தொலைவு கூடக்கூடப் பரிமாற்றத்தின் பங்கைக் கூட்டுவது அதன் உத்தி. ஆனால் அது பொதுவாக மறுபக்கம் சாய்ந்து, ஆற்றலைச் சற்றே மிகைப்படுத்தும். சயனின் சாயங்களிலோ எந்தச் சார்பை எடுத்தாலும் டிடி-டிஎஃப்டி ஆற்றலை மிகைப்படுத்துவது பழகிப்போன செய்தி, அங்கே 0.3 என்ற எல்லையும் போதாது.

மூன்றாவதுதான் எனக்கு முதன்மையானது. ஈனால் வடிவத்தை இரண்டு சார்புகளிலும் ஓட்டிப் பார்க்கும்போது பி3எல்ஒய்பி எண் 425-க்கு மிக நெருங்கி வரக்கூடும். அதனால் அதுவே சிறந்த சார்பு என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் கணக்கிடுவது அணுக்கருக்கள் அசையாமல் எலக்ட்ரான் மட்டும் தாவும் செங்குத்துக் கிளர்ச்சி ஆற்றல். கருவி காட்டுவதோ அதிர்வு நிலைகள் பல ஒன்றாகக் குழைந்த ஒரு பட்டையின் உச்சி. இரண்டும் ஒரே பொருளல்ல. தொடர் ஊடக மாதிரி எத்தனாலின் மின்கடத்தாப் பண்பைக் காட்டும். எத்தனால் மூலக்கூறு ஒன்று ஃபீனால் ஹைட்ரஜனைக் கைகோத்து நிற்பதைக் காட்டாது. இத்தனை பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான எண் வந்தால், அடுத்த மூலக்கூறில் அந்த ஈடு இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

நான் செய்வது இதுதான்: ஆராயும் சேர்மத்தின் நெருங்கிய உறவினர்கள் ஐந்தாறு பேரை, அளந்த மதிப்பு நன்கு தெரிந்தவர்களாகப் பார்த்து எடுத்து, எல்லாரையும் ஒரே முறையில் கணக்கிட்டு, கணக்குக்கும் அளவீட்டுக்கும் ஒரு நேர்கோடு பொருத்திவிடுவேன். ஒரே குடும்பத்துக்குள் பிழை பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும். அந்தக் கோடு அதைக் களைந்துவிடும். உங்களுக்கு டீஹைட்ரோஜிஞ்சரோன், ஃபெருலிக் அமிலம், சில சால்கோன்கள் போதும். யோசித்துப் பார்த்தால் இதுவும் உட்வர்டு செய்ததுதான்; அவரிடம் கணினி இல்லை.

எந்திரக் கற்றல் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: கொரிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட தரவுத்தொகுப்பில் மட்டும், சேர்மமும் கரைப்பானும் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்ட அளவீடுகள் இருக்கின்றன, அவற்றில் பழகிய மாதிரிகள் சில நொடிகளில் எண் தரும். ஆனால் டைகீட்டோ படத்தை உள்ளிட்டால் அவையும் டைகீட்டோவுக்குத்தான் பதில் சொல்லும். அல்லது, அதைவிட மோசமாக, யாரோ டைகீட்டோவாக வரைந்து பதிவேற்றிய குர்குமினை மனப்பாடம் செய்துவைத்து, தவறான படத்துக்குச் சரியான 425-ஐச் சொல்லிவிடும்.

பிப்பெட் எழுதியது:

நான் மசாலாப் பொருட்களின் தரச்சோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். கணக்கு எனக்குத் தூரம், மஞ்சள் அன்றாடம். அளவீட்டுப் பக்கத்தில் நீங்கள் கவனிக்கவேண்டியவை இருக்கின்றன.

உங்கள் குவெட்டில் இருப்பது குர்குமின் மட்டுமன்று. விரலி மஞ்சளில் குர்குமினோடு டிமெத்தாக்சிகுர்குமினும் பிஸ்டிமெத்தாக்சிகுர்குமினும் சேர்ந்தே வரும். மெத்தாக்சி தொகுதி ஒவ்வொன்றாகக் குறையக் குறைய உச்சம் சில நானோமீட்டர் குறுகிய அலைநீளத்துக்கு நகரும். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து அகன்ற ஒரே மேடாகத் தெரிவதால், தனிக் குர்குமினுக்குச் செய்த கணக்கைச் சாற்றின் உச்சத்தோடு ஒன்று இரண்டு நானோமீட்டர் துல்லியத்தில் ஒப்பிடுவது பொருளற்றது. ஒப்பீடு செம்மையாக இருக்கவேண்டுமென்றால், மெல்லடுக்குத் தகட்டில் பிரித்துக் குர்குமின் பட்டையை மட்டும் சுரண்டி எடுத்து அளங்கள்.

நீர்த்தலையும் சரிபாருங்கள். குர்குமினின் உறிஞ்சல் மிக வலியது. கண்ணுக்கு இளமஞ்சளாகத் தெரியும் கரைசலே 10 மில்லிமீட்டர் குவெட்டில் உறிஞ்சல் அளவு 2-ஐத் தாண்டிவிடும். அங்கே கருவி நேர்கோட்டிலிருந்து விலகி, உச்சி தட்டையாகி, எண் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். 0.3-க்கும் 0.9-க்கும் இடையில் வருமாறு நீர்த்துக்கொள்ளுங்கள். கரைசலை வெளிச்சத்தில் வைக்காதீர்கள்.

எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் முன்பொருமுறை, சோப்புக் கரைசலில் கழுவிச் சரியாக அலசாத குடுவையில் மஞ்சள் சாற்றை ஊற்றிவிட்டு, உச்சம் நகர்ந்துவிட்டதாகச் சொல்லி அரைநாள் கருவியைக் குறைசொன்னார். காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி நீர் சிவக்கிறதே, அதே வேலையைக் குடுவையில் மிஞ்சிய காரம் கொஞ்சமாகச் செய்திருந்தது. இந்தச் சிவப்பைக் கணக்கால் பிடிக்கமுடியுமா என்பதை மேலே எழுதியவர்கள்தான் சொல்லவேண்டும்.

மஞ்சள்_ஆய்வு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஈனால் வடிவத்தை வரைந்து, மற்ற எதையும் மாற்றாமல் அதே கேம்-பி3எல்ஒய்பி கணக்கை ஓட்டினேன். எண் 330-இலிருந்து 400-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆற்றலில் பார்த்தால் 3.10, அளவீட்டிலிருந்து 0.18 மட்டுமே விலகல். டீஹைட்ரோஜிஞ்சரோனுக்கும் ஓட்டியதில் பிழை அதே திசையில், ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது. குடும்பப் பிழை என்று நீங்கள் சொன்னது விளங்கியது. ஈனால் வடிவத்தின் மொத்த ஆற்றலும் டைகீட்டோவைவிடக் குறைவாகவே வந்தது. நிறமாலைக் கணக்குக்கு முன்பே அதைப் பார்த்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

இப்போது சுண்ணாம்புக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. காரத்தில் சிவப்பதைக் கணிக்க, எந்த ஹைட்ரஜனை நீக்கி வரையவேண்டும்? ஈனாலில் இருப்பதையா, ஃபீனாலில் இருப்பதையா?

கரைப்பான் எழுதியது:

நல்ல கேள்வி, முதல் கேள்வியின் இன்னொரு முகம்தான் இது. குர்குமினில் புரோட்டானாக விலகக்கூடியவை மூன்று: ஈனாலில் ஒன்று, இரண்டு ஃபீனால்களில் ஒவ்வொன்று. அவற்றின் அமிலத்தன்மை மாறிலிகள் நெருங்கியே இருப்பதால் எது முதலில் விலகும் என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆகவே ஒன்றை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளாமல், ஒற்றை அயனிகளையும், ஃபீனால்கள் இரண்டும் இழந்த அயனியையும், மூன்றும் இழந்த அயனியையும் தனித்தனியே கணக்கிட்டு, காரத்தன்மை கூடக்கூட நிறமாலை எப்படி நகர்கிறது என்பதோடு ஒப்பிடுவதே சரியான வழி. பெருஞ்சிவப்புக்குப் பொறுப்பு ஃபீனால் ஆக்சிஜன்கள் என்றே நான் நினைக்கிறேன். எதிர்ச்சுமை ஏறிய ஆக்சிஜன் பென்சீன் வளையத்தின் வழியே எதிர்முனைக் கார்போனைலுக்கு எலக்ட்ரானைத் தள்ளும் வலிமை, நடுநிலை ஆக்சிஜனைவிட மிகப் பெரியது.

இதை வனிலினில் கையாலேயே பார்க்கலாம். அரோமாட்டிக் கார்போனைல்களுக்கான ஸ்காட் விதியில் ஆல்டிஹைடுக்கு 250, பாரா இடத்து ஹைட்ராக்சிலுக்கு 25, மெட்டா இடத்து மெத்தாக்சிக்கு 7, ஆக 282. அளந்தால் 279-இல் ஒரு மேடு. 309-ஐ ஒட்டி இன்னொரு மேடும் உண்டு. அதைப் பற்றி விதி வாயே திறப்பதில்லை. காரத்தில் புரோட்டானை நீக்கிவிட்டால் பாரா இடத்துக்கு 25-க்குப் பதில் 78 சேரும், மொத்தம் 335. அளந்தால் 348-க்கு அருகில். எண் 13 நானோமீட்டர் தவறினாலும், ஒரு புரோட்டான் போனதற்கு ஐம்பது நானோமீட்டருக்கு மேல் பெயர்ச்சி உண்டு என்பதை 1960-களின் அட்டவணை ஒன்று சொல்லிவிடுகிறது.

கரைப்பானைப் பற்றியும் அறிக்கையில் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். மெசிட்டைல் ஆக்சைடுக்கு நீங்கள் எத்தனால் எண்ணை மட்டும் தந்தீர்கள். அதன் வலிய பட்டை ஹெக்சேனில் 229.5, எத்தனாலில் 237, நீரில் 244.5, மெலிந்த பட்டையோ ஹெக்சேனில் 327, எத்தனாலில் 315, நீரில் 305 என எதிர்த்திசையில் நகரும். முதலாவதில் கிளர்ந்த நிலை அதிக முனைவுடையது, ஆகவே நீர் அதைத் தாங்கிப் பிடித்து ஆற்றலைக் குறைக்கிறது. இரண்டாவதில் கிளர்வது ஆக்சிஜனின் தனி இணை எலக்ட்ரான். அந்த இணையை நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்கெனவே பிடித்துவைத்திருப்பதால், அதைக் கிளப்பக் கூடுதல் ஆற்றல் வேண்டும். தொடர் ஊடக மாதிரி இந்த இரண்டாவது நகர்வைக் குறைத்தே காட்டும். அங்கே இரண்டு மூன்று நீர் மூலக்கூறுகளைக் கையால் வைத்துக் கணக்கிடவேண்டியிருக்கும்.

பிப்பெட் எழுதியது:

காரச் சோதனையை அளக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு நடைமுறைச் செய்தி. நடுநிலையைச் சற்றுத் தாண்டிய நீர்க்கரைசலிலேயே குர்குமின் நிலைத்து நிற்காது. 37 டிகிரி செல்சியசில், pH 7.2 அளவுள்ள பாஸ்பேட் தாங்கற்கரைசலில் அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு சிதைந்துவிடுவதாக அளந்திருக்கிறார்கள். சிதைவில் வனிலினும் ஃபெருலிக் அமிலமும் வரும். அதாவது மேலே கணக்கிட்ட வனிலின் அயனி உங்கள் குவெட்டுக்குள் தானாகவே தோன்றி, 348 பக்கம் ஒரு மேட்டை எழுப்பக்கூடும். அதைக் குர்குமின் அயனியின் இரண்டாவது பட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரத்தைக் குவெட்டிலேயே சேர்த்து, ஒரு நிமிடத்துக்குள் முதல் நிறமாலையை எடுத்து, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். ஆரம்ப நிறமாலை மட்டுமே உங்கள் கணக்கோடு ஒப்பிடத் தகுந்தது.

வெண்காரம் கலந்த எதையும் பக்கத்தில் வைக்கவேண்டாம். போரான் குர்குமினோடு சேர்ந்தால் சிவப்பு அணைவுச் சேர்மம் உண்டாகும்; நீரில் போரானை அளக்க 540 நானோமீட்டரில் பயன்படுத்துவதே அந்தச் சிவப்பு. காரச் சிவப்பும் அதுவும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியலாம். அமிலம் இரண்டு சொட்டு விட்டால் காரச் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பிவிடும், போரான் சிவப்பு நின்றுவிடும்.